பெட்டியடியும் பாடத்திட்டமும்: பினாங்கில் வணிகக் கல்வியும் ஆங்கிலமும் சேர்ந்த வரலாறு

தைப்பூசத்துக்கு முந்தின நாள் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம் தண்ணீர்மலை நகரத்தார் கோயிலைச் சென்றடைவதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அதே தெருவின் கிட்டங்கிகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்த தொழிற்பயிற்சியைப் பற்றி எழுதியது குறைவு. பக்தி வரலாற்றுக்குக் கிடைத்த கவனம் கணக்குப் புத்தக வரலாற்றுக்குக் கிடைக்கவில்லை.

இக்கட்டுரை ஒரு வளர்ச்சியைப் பின்தொடர்கிறது. ஒரு தொழிலை நடத்தக் கற்பதும், தொழில் புழங்கும் ஆங்கிலத்தைப் பகுத்துப் படிப்பதும் பினாங்கில் எவ்வாறு ஒரே பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்குள் வந்து சேர்ந்தன? இரண்டும் தனித்தனி இடங்களில், தனித்தனி மனிதர்களிடம் வளர்ந்தவை. சேர்ந்தபோது மொழிப் பாடம் கிராணியின், அதாவது அலுவலக எழுத்தரின், தேவையை ஒட்டியே அமைந்தது. அந்தப் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை என்பதே இங்கு முன்வைக்கும் வாதம்.

கிட்டங்கிப் பயிற்சி

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பினாங்குக்கு வந்துவிட்டார்கள். தண்ணீர்மலையில் அவர்கள் கோயில் 1857இல் எழுந்தது என்பதே, அதற்குள் அவர்கள் தொழில் இங்கே எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும். கிட்டங்கி என்பது நீளமான ஒரு கூடம். பல விலாசங்கள், அதாவது தொழில் நிறுவனங்கள், அதற்குள் இடம் பிடித்திருக்கும். ஒவ்வொரு விலாசத்துக்கும் ஒரு மரப்பெட்டி, ஒரு பாய். பகலில் கடன் கொடுப்பதும் வாங்குவதும் அங்கேதான். இரவில் படுக்கையும் அங்கேதான்.

இங்கே வந்து சேரும் சிறுவன் பெட்டியடிப் பையன். ஊரிலேயே எண்சுவடி மனப்பாடம் ஆகியிருக்கும். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு, மா என்றால் இருபதில் ஒரு பங்கு. இப்பின்னங்களைக் கொண்டு வட்டியை வாயாலேயே போட வேண்டும். கிட்டங்கியில் ஏவல் வேலை செய்துகொண்டே குறிப்பு எழுதவும் பேரேட்டில் ஏற்றவும் கற்றுக்கொள்வான். தேறினால் அடுத்தாள், அதற்கும் மேலே ஏஜெண்டு. கடன் கேட்டு வருபவனை எப்படி எடைபோடுவது, யாருக்கு எந்தத் தவணை, எப்போது கறாராக இருப்பது, எப்போது விட்டுக்கொடுப்பது என்பதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்க வேண்டும். பாடநூல் கிடையாது, பரீட்சை அன்றாடம் உண்டு.

இதில் நம் ஆய்வுக்கு முக்கியமானவை மூன்று பனுவல்கள். முதலாவது சம்பளச் சீட்டு. செட்டிநாட்டில் இருக்கும் முதலாளியும் கடல் கடக்கும் ஏஜெண்டும் செய்துகொள்ளும் உடன்படிக்கை அது. பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கு. இரண்டாவது, ஏஜெண்டு ஊருக்கு விடாமல் எழுதும் கடிதம். மூன்றாவது ஐந்தொகை. வரவு செலவை ஒடுக்கிக் காட்டி, மூன்றாண்டு உழைப்பில் எது மிஞ்சியது என்று சொல்லும் இறுதிக் கணக்கு அது. கப்பலில் கடிதம் போய்ப் பதில் வர வாரங்கள் ஆகும். அதற்குள் ஆயிரக்கணக்கான வெள்ளி கைமாறியிருக்கும். முதலைப் போட்டவர் ஓரிடத்திலும் முடிவெடுப்பவர் வேறிடத்திலும் இருக்கும் இந்தச் சிக்கலைத்தான் ஜென்சன், மெக்லிங் இருவரும் 1976இல் எழுதிய கட்டுரை கோட்பாடாக்கியது. இன்று நிறுவன ஆளுகை படிக்கும் எந்த மாணவனும் அதைத் தாண்டிப் போக முடியாது. நகரத்தார் அதற்குக் கண்ட விடை, ஒரு சீட்டும் தொடர்ந்த கடிதங்களும் ஓர் ஐந்தொகையும். இவற்றுக்குப் பின்னால் உறவு, ஊர், கோயில் என்ற பிணை. ரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்ததையும், தொழிலில் கோயிலுக்கென மகமை எடுத்து வைத்ததையும் நினைத்தால், பிணை என்ற சொல் மிகையாகாது. டேவிட் ரட்னரின் 1994ஆம் ஆண்டு நூல் இந்த அமைப்பை வங்கித்தொழில் என்ற நிலையில் வைத்தே விரிவாக ஆராய்ந்தது. அதுவரை ‘லேவாதேவி’ என்று ஒதுக்கி வைத்திருந்த பல ஆய்வாளர்களுக்கு அது நல்ல பாடம்.

இந்தப் பயிற்சி முழுவதும் தமிழில் நடந்தது. ஆங்கிலத்துக்கு அதில் இடமில்லை. ஏஜெண்டுக்கு முதலாளி கொடுத்த அதிகாரப் பத்திரம், அடமானப் பத்திரம், நீதிமன்ற வழக்கு என்று ஆங்கிலம் வேண்டிய இடங்களில் வக்கீலும் எழுத்தரும் இருந்தார்கள். ஏஜெண்டு தமிழில் கையெழுத்திட்டார். 1807இல் அரச சாசனத்தின்படி நீதிமன்றம் அமைந்த ஊரில், தனக்குப் படிக்கத் தெரியாத மொழிப் பத்திரங்களின்மேல் இவ்வளவு பெரிய தொழிலை ஒருவர் நடத்த முடிந்தது வியப்புத்தான். ஆனால் அது பலவீனமும்கூட. அந்தப் பலவீனம் பின்னர் வெளிப்பட்டது.

கிராணியின் ஆங்கிலம்

கிட்டங்கிக்குச் சில தெருக்கள் தள்ளி வேறொரு கல்வி நடந்துகொண்டிருந்தது. பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் எழுத்தும் படிப்பும் கணக்கும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அங்கே நடந்த தமிழ் வகுப்பையே மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு 2016இல் இருநூறாண்டு விழா எடுத்தோம். 1852இல் செயின்ட் சேவியர் பள்ளியும் வந்தது. 1891இல் கேம்பிரிட்ஜ் தேர்வுகள் நீரிணைக் குடியேற்றங்களுக்குள் நுழைந்தன. மிகச் சிலர் அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்து போனார்கள். 1896இல் அதைப் பெற்ற ஃபிரீ ஸ்கூல் மாணவர் ஊ லியன் தே மருத்துவராகி உலகப் புகழ் பெற்றார். மற்றவர்களுக்கு ஏழாம், எட்டாம் வகுப்பின் முடிவில் காத்திருந்தது ஏதாவது ஒரு அலுவலக மேசை.

காலனி அரசுக்கும் ஆங்கிலேயக் கம்பெனிகளுக்கும் கிராணிகள் வேண்டும். பிழையில்லாமல் பிரதி எடுப்பவர், அழகாகக் கையெழுத்துப் போடுபவர், மேலதிகாரியின் கடிதத்தை அவர் சொன்னபடி எழுதுபவர். யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை செமினரி 1823இல் தொடங்கி, மிஷன் பள்ளிகள் பரவி, ஆங்கிலம் படித்த இளைஞர் வேலைக்கு மிஞ்சிப் பெருகியபோது அவர்களில் பலர் மலாயாவின் ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வந்தார்கள். பின்னர் தட்டச்சும் பிட்மன் சுருக்கெழுத்தும் கணக்குப் பதிவும் வணிகக் கடிதமும் கற்பிக்கும் வகுப்புகள் வந்தன. லண்டன் வணிகச் சபையின் சான்றிதழ் இருந்தால் வேலை நிச்சயம் என்ற நம்பிக்கை தலைமுறைகளாக இந்த நாட்டில் நிலைத்தது.

இந்த வகுப்புகளின் வணிகக் கடிதப் பாடத்தைக் கவனிக்க வேண்டும். தொடக்க வாழ்த்து எப்படி, முடிக்கும் வாசகம் எப்படி, விலை விசாரணைக்கு எந்த மாதிரி, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க எந்த மாதிரி என்பதையெல்லாம் அது சொல்லும். கடிதத்தால் நிறுவனம் எதற்குக் கட்டுப்படுகிறது என்று கேட்காது. அந்தக் கேள்வி மேசைக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்த துரைக்கு உரியது. கிட்டங்கியில் பொறுப்பு கற்றவனுக்கு ஆங்கிலம் இல்லை. ஆங்கிலம் கற்றவனுக்குப் பொறுப்பு இல்லை. ஒரே ஊரில் வாழ்ந்த இரு வகைத் தமிழர்கள்.

இரண்டு உலகங்களும் நெருங்கத் தொடங்கியது வகுப்பறையில் அல்ல, வங்கியில். மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ஆம் நாள் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூனுக்குப் பிறகு விரைவிலேயே பினாங்கிலும் கிளை திறந்தது. பேரேடு ஆங்கிலத்துக்கு மாறியது. 1948இல் மலாயாவில் வருமான வரி நடைமுறைக்கு வந்தபின் கணக்கை இன்னொருவர் மொழியில், இன்னொருவர் வகுத்த தலைப்புகளின்கீழ் காட்டவேண்டிய கட்டாயமும் சேர்ந்துகொண்டது. வக்கீலையும் எழுத்தரையும் நம்பிய ஏற்பாடு இதற்குமேல் போதவில்லை.

1969க்குப் பின்

1969இல் பினாங்குப் பல்கலைக்கழகம் உருவானது. குளுகோரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வளாகத்தில் தற்காலிகமாகத் தொடங்கி, 1971இல் மிண்டன் இராணுவ முகாமுக்கு மாறியது. பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. தனித்தனி பீடங்களாகப் பிரியாமல் புலங்களாக அமைந்து, ஒரு துறை மாணவர் இன்னொன்றையும் தொட்டுப் படிக்க வேண்டும் என்பது அதன் தொடக்கக் கொள்கை. மேலாண்மை முதலில் சமூக அறிவியல் புலத்தின் ஒரு பகுதியாக இருந்து, பின்னரே தனிப்புலமானது.

அந்த ஆண்டுகளில் நாட்டின் கல்விமொழி மாறிக்கொண்டிருந்தது. 1967ஆம் ஆண்டு தேசிய மொழிச் சட்டத்தைத் தொடர்ந்து, 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. 1983இல் அந்த அலை பல்கலைக்கழகத்தை எட்டியது. இதே காலத்தில் ஊரின் பொருளாதாரம் எதிர்த்திசையில் போயிற்று. பினாங்கு சுங்கமற்ற துறைமுக நிலையை இழந்திருந்தது. வேலையின்மை கடுமையாக இருந்தது. லிம் சோங் யூவின் மாநில அரசு 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வணிக வலயத்தைத் திறந்தது. இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், ஏஎம்டி, போஷ், ஹிட்டாச்சி என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. விரிவுரை மலாயில், படிக்கவேண்டிய நூல் ஆங்கிலத்தில், சில கிலோமீட்டர் தள்ளிக் காத்திருந்த வேலையும் ஆங்கிலத்தில். அந்தத் தலைமுறை மாணவர்கள் மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளித்தார்கள். மலாய்க்கு மாறியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தது அந்த மாற்றம்தான். மாற்றத்தோடு வந்திருக்க வேண்டிய மொழிப் பயிற்சி தாமதமாக வந்தது என்பதே குறை.

அதற்கு முதலில் விடை தேடியது கோலாலம்பூர். மலாயாப் பல்கலைக்கழகம் 1970களில் ஒரு சிறப்பு ஆங்கிலத் திட்டத்தைத் தொடங்கியது. மாணவருக்கு வேண்டியது பேச்சு வன்மையைவிடத் துறைநூலைப் படித்து வாதத்தைப் பிரித்தெடுக்கும் திறன் என்று அது முடிவு செய்தது. நாட்டின் உயர்கல்வியில் ஆங்கிலம் ஓர் ஆய்வுக் கருவியாக மாறிய திருப்பம் என்று இதைச் சொல்லலாம். 1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம், 1999இல் பல்கலைக்கழக ஆங்கிலத் தகுதித் தேர்வான மியூவெட் என்று அடுத்தடுத்து வந்தவை ஆங்கிலத்தைப் பல்கலைக்கழக நுழைவோடும் சந்தையோடும் இறுகக் கட்டின. மிண்டன் வளாகத்தில் மாணவர் எந்த ஆங்கிலப் பாடத்தில் சேரலாம் என்பதை மியூவெட் நிலையே தீர்மானிக்கும். அப்பாடங்களில் எல்எஸ்பி 403 என்ற எண் கொண்ட ‘வணிக, தொடர்பாடல் ஆங்கிலம்’ நம் வரலாற்றின் இரு கிளைகளும் பெயரளவிலாவது சேர்ந்த இடம்.

பனுவலே பாடமாக

பெயரளவில் என்று சொல்லக் காரணம் உண்டு. வணிக ஆங்கிலம் என்ற பெயரில் வந்த பெரும்பாலான பாடநூல்கள் பழைய வணிகக் கடித வகுப்பின் பேரப்பிள்ளைகள். இதை மாற்றும் வழி மொழியியல் பக்கத்திலிருந்து 1990களில் வந்தது. ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் கல்விசார் எழுத்தையும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜய் பாட்டியா 1993இல் தொழில்சார் எழுத்தையும் வகைமை (genre) நோக்கில் ஆராய்ந்தார்கள். விற்பனைக் கடிதம் ஒன்றில் தன் தகுதியை நிறுவுவது, பொருளை முன்வைப்பது, சலுகை காட்டுவது, அவசரப்படுத்துவது என்று நகர்வுகள் இருப்பதை பாட்டியா பிரித்துக் காட்டினார். ஒரே வகைமையாயினும் தெற்காசியர் எழுதிய வேலை விண்ணப்பங்களில் தன்னைத் தாழ்த்திக்கொள்வதும், பெறுபவரை உயர்த்துவதும் தென்பட்டதையும் அவர் குறித்தார். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத கடிதம் வேலை வாங்கித் தராமல் போவது ஏன் என்பதற்கு, எந்த இலக்கண நூலையும்விட இது நல்ல விளக்கம். மனு எழுதிப் பழகிய சமூகத்தின் பிள்ளைகளுக்கு இது உறைக்கும்.

மேலாண்மைப் பக்கத்தில் இதே வேலையை வேறு பெயரில் செய்தவர்கள் இன்னும் முந்தியவர்கள். பெட்மன், வைட்ஸ் இருவரும் 1983இல் நிறுவன ஆண்டறிக்கைகளின் தலைவர் கடிதங்களை எடுத்துக்கொண்டு, முடிவுகளுக்கு அவை என்ன காரணம் சொல்கின்றன என்று வகைப்படுத்தினார்கள். கெட்ட முடிவு வந்தால் சந்தை, நாணய மாற்று, பொருளாதாரச் சுழல் என்று வெளிக்காரணங்கள் வரிசை கட்டும். கென் ஹைலண்ட் 1998இல் ஹாங்காங் நிறுவனத் தலைவர்களின் கடிதங்களில், வாசகரை வழிநடத்தி இணங்கவைக்கும் மொழிக்கூறுகளை ஆராய்ந்தார். மாணவர் ஒருவர் பினாங்கில் இயங்கும் பட்டியலிட்ட நிறுவனம் ஒன்றின் ஐந்தாண்டுக் கடிதங்களை எடுத்து, எந்த வாக்கியத்தில் ‘நாங்கள்’ வருகிறது, எந்த வாக்கியத்தில் செயப்பாட்டுவினை வந்து செய்தவரை மறைக்கிறது என்று குறித்து, அருகில் லாப நட்டக் கணக்கை வைத்துப் பார்த்தால் போதும். மொழிப் பாடமும் மேலாண்மைப் பாடமும் ஒரே தாளில் கிடைத்துவிடும்.

இங்கேதான் கிட்டங்கிப் பனுவல்கள் மீண்டும் பயன்படுகின்றன. ஏஜெண்டின் கடிதத்தைப் படித்த முதலாளி தேடியதும் இதையே. வசூல் குறைந்ததற்கு ரப்பர் விலையைக் காட்டுகிறானா, தன் தவறை ஒப்புக்கொள்கிறானா என்று கடிதத்தையும் ஐந்தொகையையும் ஒத்துப் பார்த்துத்தான் அடுத்த கணக்குக்கு அவனையே வைப்பதா என்று முடிவு செய்ய முடியும். ஒரு சம்பளச் சீட்டையும் இன்றைய ஆங்கில நியமனக் கடிதத்தையும் பாடத்தில் அருகருகே வைப்பது பழம்பெருமை பேசும் வேலையாகாது. எது எழுதப்பட்டது, எது உறவின்மேல் விடப்பட்டது என்பதை மாணவர் கண்ணால் காண அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

இப்படிப் பாடம் நடத்துவதை நடைமுறையில் தடுப்பது இடுபணிகளைத் திருத்தும் முறை. ஆங்கில விரிவுரையாளர் ஐந்தாண்டு லாப நட்டத்தைத் தொட மாட்டார். மேலாண்மை விரிவுரையாளர் மொழிக்கென்று சில மதிப்பெண் ஒதுக்கி, பிழைக்குக் குறைத்துவிட்டு நகர்வார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான்ஸ், டட்லி எவன்ஸ் ஆகியோர் 1980 வாக்கில் துறை ஆசிரியரையும் மொழி ஆசிரியரையும் ஒரே வகுப்பில் நிறுத்திப் பார்த்தார்கள். புலங்களுக்கிடையே சுவர் வேண்டாம் என்று சொல்லித் தொடங்கிய மிண்டன் வளாகத்தில் அதற்குப் புதிய கொள்கை எதுவும் தேவையில்லை. ஒரே இடுபணியை இரண்டு புலத்தாரும் சேர்ந்து திருத்த, கால அட்டவணையில் ஒரு பொது நேரம் ஒதுக்கினால் போதும்.