மருத்துவ ஆன்டாலஜி

நோய், உறுப்பு, மருந்து, சிகிச்சை முதலிய மருத்துவக் கருத்துகளையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் கணினி கையாளும்படி வகுத்துவைக்கும் அமைப்பு. ஒரு நோய்க்கு எத்தனை பெயர் வழங்கினாலும், எந்தப் பெயரால் தேடினாலும், உரிய தகவலிடம் கொண்டுசேர்ப்பது இதன் பயன்.

தோற்றம்: இதன் வேர் நூலக அட்டவணையில் உள்ளது. அமெரிக்க ராணுவத் தலைமை மருத்துவர் அலுவலக நூலகத்தை நடத்திவந்த ஜான் ஷா பில்லிங்ஸ், மருத்துவக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பட்டியலிடும் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' இதழை 1879இல் தொடங்கினார். அந்நூலகமே பிற்காலத்தில் தேசிய மருத்துவ நூலகமாயிற்று. அது 1960இல் 'மெஷ்' என்னும் மருத்துவத் தலைப்புச்சொல் தொகுதியை வெளியிட்டது. 1964இல் 'மெட்லார்ஸ்' கணினி அமைப்பும், 1971இல் தொலைவிலிருந்தே தேட உதவும் 'மெட்லைன்' சேவையும் வந்தன.

அமைப்பு: மெஷ் தலைப்புகள் கிளைகிளையாகப் பிரிபவை. மாரடைப்புக்குரிய தலைப்பு 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்'. 'ஹார்ட் அட்டாக்' என்று தேடினாலும் அதற்கே வந்துசேரலாம். இத்தலைப்பு இதய நோய்களின் கீழும் ரத்தக்குழாய் நோய்களின் கீழும் இடம்பெறுகிறது. மேல் தலைப்பான 'இதய நோய்கள்' என்பதைத் தேடினால், அதன் கீழுள்ள நோய்களைப் பற்றிய கட்டுரைகளும் சேர்ந்தே கிடைக்கும்.

இணையத்தில்: பிரான்சின் ரூவான் பல்கலைக்கழக மருத்துவமனை 1995இல் தொடங்கிய 'சிஸ்மெஃப்', பிரெஞ்சு மொழி மருத்துவ இணையதளங்களை மெஷ் தலைப்புகளின்கீழ் வகைப்படுத்தியது. 1997இல் 'பப்மெட்' வழியாக மெட்லைன் அனைவருக்கும் இலவசமாயிற்று. பப்மெட், பயனர் இடும் சொற்களைத் தானே உரிய மெஷ் தலைப்புகளோடு பொருத்தித் தேடுகிறது. வெவ்வேறு சொல்தொகுதிகளில் ஒரே பொருள் தரும் சொற்களை இணைக்கும் பணியைத் தேசிய மருத்துவ நூலகம் 1986இல் 'யுஎம்எல்எஸ்' திட்டமாகத் தொடங்கியிருந்தது.

வளர்ச்சி: மெஷ் கண்டிப்பான பொருளில் ஆன்டாலஜி அன்று, மேல்–கீழ் வரிசையுள்ள சொல்தொகுதியே. அமெரிக்க, பிரிட்டன் தொகுதிகளை இணைத்து 2002இல் வெளிவந்த 'ஸ்னோமெட் சிடி' உறவின் தன்மையையும் குறிக்கிறது. மாரடைப்பு நேரும் இடம் இதயத் தசை, அங்கு நிகழ்வது திசு இறப்பு என்பவை அதில் தனித்தனி உறவுகள். அதனால், இதயத் தசையைத் தாக்கும் நோய்கள் எவை என்ற கேள்விக்குக் கணினி அந்த உறவுகளைத் தொடர்ந்து விடை காண முடிகிறது.

மதிப்பீடு: மருத்துவக் கலைச்சொல் அறியாதவருக்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்கான வழியைத் திறந்தது இத்துறையின் பெருஞ்சாதனை. அதைக் காப்பது ஓயாத திருத்தமே. மெஷ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. இன்று அதில் 30,000க்கும் மேற்பட்ட தலைப்புகள் உள்ளன.