செப்புத் தகட்டில் ஒரு நட்பு

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலே பெருமக்களின் உருவப்படங்கள் மலிந்த காலம். சீலையில் தீட்டிய ஓவியம் ஒரு மாளிகைச் சுவருக்கே உரியது. செப்புத் தகட்டிற் செதுக்கிய படமோ நூற்றுக்கணக்கான பிரதிகளாகச் சந்தைக்கு வந்தது. சிற்றுளியாற் கோடுகளைக் கீறி, கீறல்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினர். புகழையும் பண்டமாக்க வணிக வர்க்கத்திற்கு வாய்த்த கருவி இது.

அத்தகைய படமொன்று மட்டக்களப்பின் வரலாற்றோடு பிணைந்துள்ளது. ஒல்லாந்தக் கப்பற்றலைவன் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602 மே மாத இறுதியில் மட்டக்களப்புக் கரையை அடைந்தான். பின்னர் மலைநாட்டிற்குச் சென்று கண்டியரசன் விமலதர்மசூரியனைச் சந்தித்தான். 1605இல் டெல்ஃப்ட் நகரில் வெளியான அவனது பயண நூலில், இருவரும் கைகோத்து நிற்கும் செப்புப்படம் இடம்பெற்றது.

சந்திப்புக்கும் நூலுக்கும் இடைப்பட்ட மூன்றாண்டுகளில் நிகழ்ந்ததென்ன? 1603இல் ஒல்லாந்தத் தளபதி செபால்ட் டி வேர்ட், தான் சிறைப்பிடித்த போர்த்துக்கேயரை அரசனிடம் ஒப்படையாது விடுதலை செய்தான். பகை மூண்டது. மட்டக்களப்பிலே அவனும் அவனுடன் வந்த பலரும் அரசனின் ஆட்களால் வெட்டுண்டனர். இரத்தம் சிந்தி ஈராண்டுகளுக்குப் பின்னரே நட்பின் படம் விற்பனைக்கு வந்தது!

இதனை வெறும் தற்செயல் எனலாமா? 1602 மார்ச்சில், ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர் மூலதனத்துடன் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியிருந்தது. பங்கு வாங்கியோருக்குக் கறுவா வேண்டும். கறுவா நாட்டின் மன்னன் நண்பன் என்ற நம்பிக்கையும் வேண்டும். படம் அந்நம்பிக்கையை ஊட்டிற்று.

அதே கரையில் வரலாறு மீண்டும் பாடம் புகட்டியது. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவிற் கட்டிய கோட்டையை, 1638 மே 18இல் வெஸ்டர்வோல்ட் தலைமையில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஐந்து நாட்களின் பின் இரண்டாம் இராஜசிங்கனோடு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருப்பது அரசன் விரும்பினால் மட்டுமே என்ற நிபந்தனை, ஒல்லாந்தப் பிரதியில் விடுபட்டது. போர்ச் செலவோ அரசன் தலையில். கறுவா, மிளகு முதலிய பண்டங்களால் அதனைத் தீர்க்கவேண்டும். அரசன் கொடுத்த கறுவா அரசன் உரித்த கறுவாவன்று. உழைத்த கைகளுக்குச் செப்புத் தகடு செதுக்கப் பணம் கொடுப்பார் எவருமிலர்.

ஆகவே இப்படத்தை வகுப்பறையில் விரிக்கும் ஆசிரியர்கள், கனவான்களின் உடையையும் தோற்றத்தையும் விளக்குவதோடு நின்றுவிடலாகாது. 1602, 1603, 1605 என்ற மூன்று ஆண்டுகளையும் படத்தின் கீழே எழுதி வைப்பார்களாக. படம் யாருக்காகச் செதுக்கப்பட்டது என்று மாணவர் தாமே கேட்பர்.