வீடியோ கேமராவின் கட்டுப்பாடுகள்: தோற்றமும் வளர்ச்சியும்

வீடியோ கேமரா என்பது ஒளியை மின்குறிகைகளாக மாற்றி, அசையும் படத்தையும் ஒலியையும் பதிவு செய்யும் கருவி. அதிலுள்ள பொத்தான்கள் அனைத்தும் ஒரே காலத்தில் வந்தவை அல்ல. பெரும்பாலானவை ஒளிப்பதிவாளர்கள் சந்தித்த ஏதேனும் ஒரு சிக்கலுக்குத் தீர்வாக வந்தவை. அந்தச் சிக்கலை அறிந்துகொண்டால் பொத்தானின் பயனும் எளிதில் விளங்கும்.

இரு கருவிகள் ஒன்றான வரலாறு

தொடக்ககாலத் தொலைக்காட்சிக் கேமரா காட்சியைப் பிடித்து அனுப்பியதே தவிர, பதிவு செய்யவில்லை. 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 2 அங்குல அகலமுள்ள காந்த நாடாவில் படத்தைப் பதியும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. அது தொலைக்காட்சி நிலையங்களுக்கு மட்டுமே ஏற்ற பெரிய இயந்திரம்.

1967-இல் சோனி நிறுவனத்தின் போர்ட்டாபேக் வந்தது. கேமரா கையிலும் பதிவுப்பெட்டி தோளிலும் இருக்க, இரண்டையும் ஒரு கம்பி இணைத்தது. படம் கறுப்பு வெள்ளைதான். ஆயினும் ஒரே ஆள் தெருவில் இறங்கிப் பதிவு செய்ய முடிந்தது. 1983-இல் வெளிவந்த சோனியின் பீட்டாமூவி, வீட்டுப் பயன்பாட்டுக்காக இரண்டையும் ஒரே உடலில் இணைத்தது. ஆனால் பதிந்ததை அதிலேயே போட்டுப் பார்க்க இயலாது. அடுத்த ஆண்டு வந்த ஜேவிசி நிறுவனத்தின் ஜிஆர்-சி1 அந்தக் குறையையும் தீர்த்தது.

குழாயிலிருந்து சில்லுக்கு

பழைய கேமராக்களில் ஒளியை உணர்வதற்கு வெற்றிடக் குழாய் இருந்தது. அதைச் சூரியனை நோக்கித் திருப்பினால் நிலையான தழும்பு விழுந்துவிடும். 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகியோர் சிசிடி என்னும் சில்லைக் கண்டறிந்தனர். 2009-இல் இதற்காக இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இச்சில்லு கேமராவைச் சிறியதாக்கியது. 1992-இல் ஷார்ப் நிறுவனம் பெரிய திரவப் படிகத் திரையைக் கேமராவில் பொருத்தியது. 1995-இல் டிவி எனப்படும் எண்ணிம நாடாக் கேமராக்கள் விற்பனைக்கு வந்தன.

முக்கியக் கட்டுப்பாடுகள்

ஃபோகஸ்: படத்தைத் தெளிவாக்குவது. தானியங்கி முறை மங்கிய ஒளியிலும், யாரேனும் குறுக்கே நடக்கும்போதும் தடுமாறும். அப்போது கைமுறைக்கு மாற்றி, ஜூம் செய்து பொருளை அருகில் கொண்டுவந்து, தெளிவாக்கிய பின் விரிவான காட்சிக்குத் திரும்ப வேண்டும்.

ஐரிஸ்: கண்ணின் பாவை போல விரிந்து சுருங்கி ஒளியின் அளவை முறைப்படுத்தும். எண் சிறிதானால் துளை பெரிது. சன்னலுக்கு முன் நிற்பவரின் முகம் கறுத்துத் தெரிவதற்குக் காரணம், தானியங்கி ஐரிஸ் சன்னல் ஒளியைக் கண்டு சுருங்கிவிடுவதே. பின்னொளிப் பொத்தான் இதைச் சரிசெய்யும்.

வெண்சமநிலை: கறுப்பு வெள்ளைக் காலத்தில் இது தேவைப்படவில்லை. இழைபல்பின் ஒளி ஏறத்தாழ 3200 கெல்வின், பகலொளி ஏறத்தாழ 5600 கெல்வின். வண்ணத் திரைப்படத்தில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு படச்சுருள் இருந்தது. வீடியோவில் ஒரு வெள்ளைத்தாளைக் காட்டிப் பொத்தானை அழுத்தினால் போதும்.

ஷட்டர்: ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரம். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பழைய வகைக் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. எனவே 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் படம் மினுங்காது.

கெயின்: இருட்டில் மின்குறிகையைப் பெருக்கிப் படத்தை வெளிச்சமாக்கும். கூடவே புள்ளிகளும் பெருகும். ஆகவே முதலில் விளக்கைச் சேர்ப்பதே நல்லது.

ஜூம்: ஒளியியல் ஜூம் கண்ணாடி வில்லைகளை நகர்த்துகிறது. எண்ணிம ஜூம் இருக்கும் படத்தையே பெரிதாக்குவதால் தெளிவு குறையும்.

தானியங்கியும் மனிதரும்

தானியங்கி வசதிகள் பயிற்சி இல்லாதவரையும் படம் பிடிக்க வைத்தன. அதுவே அவற்றின் பெரும் பங்களிப்பு. ஆனால் எளிய தானியங்கி அமைப்பு காட்சியின் சராசரி ஒளியைத்தான் அளக்கும். அக்காட்சியில் முக்கியமானவர் யார் என்பது அதற்குத் தெரியாது. தாலி கட்டும் நேரமோ, தாத்தாவின் பேச்சோ மீண்டும் எடுக்கக் கிடைக்காது. எனவே மாணவர்கள் ஒரே காட்சியைத் தானியங்கி முறையில் ஒருமுறையும், மேற்கண்ட கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக மாற்றி மறுமுறையும் பதிந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.