'விஷமம்' என்னும் சொல்லும் ஆட்டிச வினாத்தாள்களும்

மலையாளத்தில் 'விஷமம்' என்றால் மனவருத்தம், தமிழில் குறும்பு. 'சம்சாரம்' அங்கே பேச்சு, இங்கே மனைவி. பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு ஆகிய இடங்களில் வாழும் தமிழர் பெரும்பாலும் இருமொழியும் அறிந்தவர்கள். கடைவீதியில் இச்சொற்கள் அவர்களை ஏமாற்றுவதில்லை. குழந்தையின் பேச்சையும் வருத்தத்தையும் குறித்து மருத்துவமனையில் ஒரு தாளை நீட்டும்போது நிலைமை வேறு.

1956 நவம்பர் 1 அன்று மலபாரின் பாலக்காடும் திருவிதாங்கூரின் தேவிகுளம், பீர்மேடும் புதிய கேரளத்தில் அமைந்தன. 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் கடிதத் தொடர்பில் தம் மொழியைப் பயன்படுத்த வழிசெய்தது. ஆட்டிச அளவுகோல்களோ வேறு வழியில் வந்து சேர்ந்தவை.

1943இல் லியோ கானர் பதினொரு குழந்தைகளை விவரித்தபோது மதிப்பெண் ஏதும் இடவில்லை; ஒவ்வொரு குழந்தையின் கதையையும் விரிவாக எழுதினார். மறுபுறம், 'ஒப்புகிறேன், மறுக்கிறேன்' எனப் படிநிலையில் விடை பெறும் முறையை ரென்சிஸ் லிக்கர்ட் 1932இலேயே வகுத்திருந்தார். இவ்விரு மரபுகளில் பின்னையதே வென்றது. 2001இல் கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் வெளியிட்ட ஐம்பது கூற்றுகளில் ஒன்று, அருங்காட்சியகத்தையும் நாடக அரங்கையும் ஒப்பிட்டு எது விருப்பம் எனக் கேட்கிறது. எந்த நாடகம்? யாருடன்? கூட்டம் உண்டா? சொல்லை நேர்பொருளில் கொள்ளும் ஆட்டிச மனிதர் இங்கேயே தடைப்பட்டு எரிச்சலடைகிறார். மூணாறில் தேயிலை அருங்காட்சியகம் ஒன்று உண்டு. நாளெல்லாம் கொழுந்து பறித்தவர் அங்கே செல்ல விரும்பாததற்கு ஆட்டிசம் காரணமாகாது. 'உறுதியாக', 'ஓரளவு' என்ற வேறுபாட்டில் விடையளிப்பவர் நெடுநேரம் தயங்குகிறார்; மதிப்பெண் இடும்போது அவ்வேறுபாடு கணக்கில் கொள்ளப்படுவதே இல்லை.

சிறு குழந்தைகளுக்கான எம்-சாட் வினாத்தாளும் அதே 2001இல் வெளிவந்தது. இருபது வினாக்கள் கொண்ட அதன் திருத்திய வடிவில், பதினேழுக்கு 'இல்லை' என்பதும் மூன்றுக்கு 'ஆம்' என்பதும் ஐயத்திற்குரிய விடைகள். குழந்தைக்குக் காது கேட்கவில்லையோ என்று எண்ணியதுண்டா என்பது அம்மூன்றில் ஒன்று. "காது கேட்கவில்லையா?" என்று எதிர்மறையில் வினவினால் தமிழ்த்தாயின் 'ஆமாம்' கேளாமையை உறுதிசெய்யும், "கேட்கிறதா?" என்று வினவினால் அதே 'ஆமாம்' நேர்மாறாகும். மொழிபெயர்ப்பாளர் வினையை எப்படி அமைக்கிறார் என்பதில் ஒரு குழந்தையின் மதிப்பெண் நிற்கிறது. இக்கருவியை ஆக்கியவர்கள் இதன் போதாமையை உணர்ந்திருந்தனர். ஐயம் எழுந்தால் எடுத்துக்காட்டு கேட்டுத் தெளியும் தொடர் நேர்காணலை அவர்களே சேர்த்தனர். நேரமில்லாத மருத்துவமனையில் முதலில் விடப்படுவதும் அதுவே.

விடையளிப்பவர் யார் என்பதும் எளிய வினா அன்று. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. பகலில் குழந்தை விரல் நீட்டிக் காட்டியதா என்பதைக் காப்பக ஆயா அறிவார்; தாளில் குறியிடுபவரோ மாலையில் மலையிறங்கி வரும் தாய்.

செகந்திராபாத்தின் தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் உருவாக்கிய இந்திய ஆட்டிச அளவுகோல், பெற்றோரிடம் கேட்டும் குழந்தையை நேரில் கவனித்தும் நிரப்பப்படுவது. ஆயினும் அதன் நாற்பது கூறுகளும் 'அரிதாக', 'சில வேளை', 'அடிக்கடி', 'பெரும்பாலும்', 'எப்போதும்' என ஐந்தாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் இருபது விழுக்காட்டு அளவில் வகுக்கப்பட்டுள்ளன. பேச்சுவழக்கில் 'அடிக்கடி' என்பது நாளுக்கு இருமுறையும் ஆகலாம், வாரத்துக்கு இருமுறையும் ஆகலாம். மொத்தம் 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று பொருள். 69இல் நிற்கும் குழந்தைக்கும் சான்றிதழுக்கும் இடையில், 'சில வேளை' என்பது 'அடிக்கடி' ஆகும் ஒரே ஒரு விடைதான் இருக்கிறது.