மணநிலை என்னும் எல்லைக்கோடு: ஸ்ரீபெரும்புதூர் ஆலைவாயிலும் உலக அரசியலும்

பன்னாட்டு உறவுகளைப் பால்புதுமையர் (குயர்) நோக்கில் ஆராய்பவர்கள் இந்தியாவைப் பெரும்பாலும் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே பார்க்கிறார்கள். தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு பற்றிய 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பும், தன்பால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர மறுத்த 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அவர்களுக்குப் போதுமான சான்றுகளாகின்றன. சென்னைக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வட்டாரமோ பெண் உழைப்பு பற்றிய ஆய்வுகளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. இந்தப் பாகப்பிரிவினை தவறானது. ஆலைவாயிலில் ‘கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்று கேட்பது பாலியல் வாழ்வை ஒழுங்குபடுத்தும் கேள்வி. அதனாலேயே அது உலக அரசியலுக்கும் உரியது.

என் வாதத்தின் முதன்மைச் சான்று, 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வு. ஸ்ரீபெரும்புதூரில் ஆப்பிளின் ஐபோன்களைப் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்பட்டதாகவும், குடும்பப் பொறுப்புகள் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டதாகவும், உற்பத்தி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் அந்த விதி தளர்ந்ததாகவும் அது கூறியது. ஆள்சேர்ப்பில் 2022-இல் நேர்ந்த குறைகள் களையப்பட்டுவிட்டன என்று நிறுவனத் தரப்பு விளக்கியது. புதிதாகச் சேர்ந்தோரில் சுமார் 25 விழுக்காட்டினர் மணமான பெண்கள் என்று அது அரசுக்குக் குறிப்பளித்ததாகவும் செய்திகள் வந்தன. ஒன்றிய அரசு 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஒரு செய்தி நிறுவனத்தின் புலனாய்வை முதன்மைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. ஆனால் இங்கே என் அக்கறை விதி எத்தனை பேரைத் தடுத்தது என்பதில் இல்லை; அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தின் அமைப்பில் இருக்கிறது.

வழக்கமான வாசிப்பு இதைச் செலவுக் கணக்காகக் காண்கிறது: மகப்பேறும் விடுப்பும் நிறுவனத்துக்குச் சுமை, எனவே விலக்கு. தேவை மிகும்போது விதி தளர்வது இதற்கு ஆதரவாகவே நிற்கிறது. ஆயினும் இந்த வாசிப்பு வெளியே நிறுத்தப்பட்டவளை மட்டுமே பார்க்கிறது. உள்ளே அழைக்கப்பட்டவள் யார்? இன்று மணமாகாதவள், நாளை மணமாகிப் போய்விடுவாள் என்று கருதப்படுபவள். பணிமூப்பும் நிரந்தர வேலையும் தொழிற்சங்கமும் கேட்கும் வயது வருமுன் தானே கலைந்துவிடும் ஒரு தொழிலாளர் படையை இந்த எதிர்பார்ப்பு உருவாக்குகிறது. எல்லாப் பெண்களும் ஆணை மணப்பார்கள் என்ற நம்பிக்கையே இங்கு மூலதனம்.

மணக்கவே போகாதவளுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. 2023 தீர்ப்புக்குப் பின், இன்னொரு பெண்ணுடன் வாழும் பெண் சட்டத்தின் கண்ணில் ஆயுள் முழுதும் மணமாகாதவளே. விதி அவளை வாயிலில் தடுக்காது. ஆனால் அவளுக்கு இங்கே ஒரு முதுமை உண்டு என்று யாரும் திட்டமிடவில்லை. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் தொழிலாளர் 18,720 பேர் தங்க மாநில அரசு கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த விடுதிகளையும், அவளுக்கு இங்கே நெடுங்கால இடம் உண்டா என்ற கேள்வியோடுதான் அணுக வேண்டும். சீனாவிலிருந்து நகரும் உற்பத்திக்காக மாநிலங்கள் போட்டியிடும்போது, இளம் பெண்களின் மணத்துக்கு முந்தைய ஆண்டுகளும் அந்தப் போட்டியில் முன்வைக்கப்படுகின்றன.

ஆலை வேறு, அயலுறவு வேறு என்பாருக்கு, வெளியுறவுப் பணி அதிகாரி சி.பி. முத்தம்மா தொடுத்த வழக்கு பதில் சொல்லும். மணமான பெண் இந்திய வெளியுறவுப் பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது என்றும், பணியிலிருக்கும் பெண் மணம் செய்ய அரசின் எழுத்துபூர்வ அனுமதி பெறவேண்டும் என்றும், குடும்பக் கடமைகள் பணிக்கு இடையூறாகும் எனத் தோன்றினால் அவளை விலகச் சொல்லலாம் என்றும் விதிகள் இருந்தன. 1979-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அவற்றைக் கடுமையாகச் சாடினார். தூதரகத்துக்குச் சொல்லப்பட்ட அதே காரணமே நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஆலைக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. நாட்டை வெளியுலகத்தோடு இணைக்கும் இரு பணிகளிலும் பெண்ணின் தகுதியை மணநிலையே அளந்தது.

இந்த ஆலையில் பால்புதுமையர் எத்தனை பேர் என்று கேட்கலாம். அந்த எண்ணிக்கை என் வாதத்துக்குத் தேவையில்லை. விதியின் தன்மை அதைச் சார்ந்தது அன்று. ஆப்பிள் தன் வழங்குநர்களுக்கு விதித்த நடத்தை நெறிகள் மணநிலை, பாலின அடையாளம், பாலியல் நாட்டம், சங்க உறுப்பினர் நிலை ஆகியவற்றை ஒரே வாக்கியத்தில் பாகுபாடு காட்டக் கூடாத அடிப்படைகளாக வைக்கின்றன. அவற்றைத் தனித்தனித் துறைகளுக்குப் பிரித்துக்கொடுத்தவர்கள் ஆய்வாளர்களே.

விளம்பரங்களிலிருந்து வயது, பாலினம், மணநிலை ஆகிய நிபந்தனைகளை நீக்குமாறு ஆள்சேர்ப்பு முகவர்களுக்குச் சொல்லப்பட்டதாக 2024 நவம்பரில் மீண்டும் செய்தி வந்தது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால் 25 விழுக்காடு என்ற பதிலும் பெண்ணை மணநிலையால்தான் எண்ணுகிறது. பணிக்கால அளவைக் கேட்பதே சரியான சோதனை: நாற்பது வயதுப் பெண், மணமானவளோ மணக்காதவளோ, அதே உற்பத்தி வரிசையில் நிரந்தரத் தொழிலாளியாக இருக்கிறாளா? அந்தப் பதிவேட்டை நிறுவனங்கள் வெளியிட வேண்டும். அரசு கேட்டுப் பெற வேண்டும். பால்புதுமையர் நோக்கிலான பன்னாட்டு உறவு ஆய்வும் அதைத் தன் அடிப்படை ஆவணங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.