செய்தி வைத்த பேரு

2012 தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் 14 இரவு. காரைக்காலில் 23 வயதுப் பொறியாளர் பெண் முகத்தில் ஆசிட் வீசினான் ஒருவன். 2013 பிப்ரவரி 12இல் அந்தப் பெண் இறந்துபோனார். 'ஒருதலைக் காதல்' என்று எழுதின பத்திரிகைகள். மாட்டேன்னு சொன்னது அந்தப் பொண்ணு. செய்தியில் முன்னால வந்து நின்னது அவன் மனசு.

2006 செப்டம்பர் 29, மகாராஷ்டிராவின் கயர்லாஞ்சி. தலித் குடும்பத்தில் தாய், மகள், இரண்டு மகன்கள் கொல்லப்பட்டார்கள். நிலத்தகராறும் சாதியும் மறைந்துபோக, 'கள்ளக்காதல்' செய்தியானது. நாக்பூரில் தலித் பெண்கள் தெருவில் இறங்கியபோது, 'நக்சல் கை' என்ற அமைச்சர் பேச்சு செய்தியானது.

2012 டிசம்பரில் டெல்லியில் ஏற்றிய மெழுகுவத்திதான் இவர்களுக்குப் பெண்ணியம். நம்ம பொம்பளைங்க கோபத்துக்கு அந்தப் பேர் கிடைக்காது. கொலைக்குப் பேர் வைக்கிற பேனா யார் கையில் இருக்கிறது? அதைத்தான் முதலில் கேட்கணும்.