மாலுமி

மலேசியாவின் டெங்கில் ஊர் வழியாக ஓடும் லங்காட் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அந்த நீரிணையில் செல்லும் கப்பலின் துணை அதிகாரிக்கு மலாய் மொழியில் ‘முஅலிம்’ என்று பெயர். தமிழ் ‘மாலுமி’க்கு அது உடன்பிறப்பு.

இரண்டும் ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லின் வழி வந்தவை. பொருள்: கற்பிப்பவர். இந்தியப் பெருங்கடலில் வழியறிந்து கலம் நடத்தியவரை அரபுக் கடலோடிகள் அப்படி அழைத்தார்கள். 15ஆம் நூற்றாண்டின் இப்னு மாஜித் அவர்களுள் பெரும்பெயர் பெற்றவர். விண்மீன் உயரம், பருவக்காற்று, கரை அடையாளம் எல்லாவற்றையும் எழுதிவைத்தார். கடலைப் பாடமாகவும் படித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இன்றோ கப்பல் பணியாளர் எவரும் மாலுமிதான். சிறுபடகு செலுத்தக் கடல்வரைபடமும் திசைகாட்டியும் ஓதக்கணக்கும் பயில்பவருக்கே அந்தப் பழைய பொருள் சரியாகப் பொருந்துகிறது.

கப்பல் தலைவர் மலாயில் ‘நகோடா’; பாரசீக மூலத்தில் கப்பலை உடையவர். பழந்தமிழில் கலம் செலுத்தியவர் மீகாமன்.